அப்பாகிட்டச் சொல்லாத

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் பாத்திரம் உருளாது, சத்தம் தெருவுக்குப் போகாது. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு நாள் நிற்கும், இரண்டு நாள் நிற்கும். ஒரு தடவை பதினோரு நாள் நின்றிருக்கிறது. எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். அவருடைய மௌனம் அதைவிட நீளம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றதாக அர்த்தம். யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும்.

முன்னறை, அடுப்படி, பின்வாசல் என்று நீளவாக்கில் கிடக்கிற சின்ன வீட்டில் பேசாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? அதற்குத்தான் மகள் இருந்தாள். அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

"அப்பாகிட்டச் சொல்லு, சோறு வச்சாச்சுன்னு" என்பேன் அடுப்படியிலிருந்து. அவர் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் சொன்னது காதில் விழாமல் இருக்காது. இருந்தாலும் இவள் ஓடிப்போய், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒப்பிப்பாள்: "அப்பா சோறு வச்சாச்சாம் வேணும்னா வந்து சாப்பிடணுமாம் வேணாம்னா பூனைக்குப் போட்டுருவாங்களாம்." பூனை அவளாகச் சேர்த்தது. நடுவில் மூச்சே வாங்க மாட்டாள். அவருக்குச் சிரிப்பு முட்டும், அடக்கிக்கொண்டு, "அம்மாகிட்டச் சொல்லு, வாரேன்னு" என்பார். மறுபடி ஓடி வருவாள். இதில் பிள்ளைக்கு ஏதோ கஷ்டம் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. விளையாட்டாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், மொட்டை மாடியில் ஏறினால் மலைக்கோட்டை தெரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். அந்த ஐப்பசியில் அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அவரும் மூன்று நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டி ஓட்டினார். லீவு போடச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் தேறிய மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஒரு காலில் ஷூவோடு அப்படியே சுவரில் சாய்ந்தாள். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லாகச் சுட்டது.

மறுநாள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பத்துப் பதினைந்து படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி, ஒரு டாக்டரம்மாதான் பார்ப்பார். வாசலில் பைக்கை நிறுத்த இடமில்லாமல் வீட்டுக்காரர் தெருமுனைக்குப் போய்விட்டார். உள்ளே நானும் மகளும்தான்.

"இது ஃப்ளூம்மா. ஊரெல்லாம் இருக்கு. நாலஞ்சு நாள்ல விட்டுரும்" என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. காய்ச்சல் விட்டுட்டு மறுபடி வந்துச்சுன்னா, இல்ல மூச்சு வேகமா வாங்குச்சுன்னா, உடனே தூக்கிட்டு வந்துரணும். வீட்ல வச்சுப் பாக்கக் கூடாது."

தலையை ஆட்டினேன். கல்யாண வீட்டு ஜாக்கெட் எட்டுத் துணி வெட்டாமல் கிடப்பது அந்த நேரம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டாக்டரம்மா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வழியே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்ட ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

டாக்டரம்மா சொன்னபடியே வெள்ளிக்கிழமை ராத்திரியோடு காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை காலையில் எழுந்து இட்லி கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. மறுநாள் ஞாயிறு, செம்பட்டிப் பக்கம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைத் தலைக்கு ஊற்றாமல் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அடுப்பில் வெந்நீர் போட்டேன்.

அவர் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செய்யப் போற?"

"தலைக்கு ஊத்தப் போறேன்."

"ரெண்டு நாள் போகட்டும். பிள்ளை இன்னும் துவண்டு கெடக்கு. நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வா, நான் லீவு சொல்லிட்டு இவளப் பாத்துக்கிறேன்."

நியாயமான பேச்சுத்தான். இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப லீவு போடத் தெரியல. எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் லீவும் வரும், நொட்டையும் நொள்ளையும் வரும். காய்ச்சலக் கொண்டாந்து ஒட்டவிட்டதே நீங்கதான?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "தண்ணிய ஊத்திப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகட்டும், அப்புறம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு பேச்சு நின்றது.

நான் வீம்புக்காகவே இரண்டு சொம்பு கூடுதலாக ஊற்றினேன். நன்றாகத் துவட்டி, சாம்பிராணி காட்டித்தான் முடியை உலர்த்தினேன். மறுநாள் பஸ்ஸில் செம்பட்டிக்குப் போனோம். கோயில் தோப்புக்குள் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் ஓடினாள், அப்புறம் வந்து என் மடியில் சாய்ந்துகொண்டாள். கறிச்சோற்றில் நாலு வாய்தான் தின்றாள்.

"என்னடி, பிள்ளை இப்படி வெளுத்துப் போயிருக்கு?" என்றாள் அக்கா.

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவ. அப்படித்தான் இருப்பா" என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பவில்லை. பதினோரு மணி இருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவள், "அம்மா, குளுருது" என்றாள். கழுத்தில் கை வைத்தேன். சுட்டது.

அந்த நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. டாக்டரம்மா சொன்ன சொல் எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது என் வீட்டுக்காரர் முகம். 'சொன்னேன்ல?' என்று அவர் கேட்கப்போகிறார். தண்ணீர் ஊற்றியது நான், தூறலில் கூட்டிக்கொண்டு அலைந்தது நான். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்ட அவருக்கு ஒரு விஷயம் கிடைக்கப்போகிறது. இப்படித்தான் ஓடியது என் புத்தி. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லாத, என்ன? அம்மா மருந்து தாரேன். சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிரும்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். எதையும் சொல்லாதே என்று அவளிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மருந்தைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். அவர் வருகிற நேரம் பார்த்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு அவர் வந்து பார்த்தபோது நெற்றி சில்லென்றுதான் இருந்தது. அவர் படுத்த பிறகு மறுபடி ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அளவு மூடியில் ஊற்றி ஊற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

வயிறு வலிக்கிறது என்றும் சொன்னாள். வலதுபக்கம், விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. கறிச்சோறு செமிக்கவில்லை, வேறொன்றும் இல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். தலையில் நீர் கோர்த்திருக்கும் என்று தைலம் தேய்த்தேன். கோயில் கூட்டத்தில் கண் பட்டிருக்கும் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். எல்லாம் செய்தேன், ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. போக வேண்டும் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் எப்போதிருந்து என்று கேட்பார். காலையில் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய் மத்தியானம் மூன்றரை மணி. அவர் முதல் ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வந்து பின்வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் மெஷினில் இருந்தேன். அவள் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மருந்து கொடுத்து அரை மணிதான் ஆகியிருந்தது. முகம் தெளிவாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. படவேண்டும் என்று நினைத்தேன், பட்டது.

"அப்பாகிட்டச் சொல்லு, குழம்பு சட்டியில இருக்கு, ரசத்த மட்டும் சுட வச்சுக்கச் சொல்லு" என்றேன், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுந்து போனாள். ஓடவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா..." என்றாள். நிறுத்தினாள். "குழம்பு..." மறுபடி நிறுத்தினாள். "சட்டியில..." அதற்கப்புறம் ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. "இருக்காம்..."

ரசத்துக்கு அவள் வரவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு காற்றுக்கு நின்றாள்.

என் கால் மிதியில் நின்றுவிட்டது. மெஷின் சத்தம் ஓய்ந்ததும் அந்த மூச்சுச் சத்தம் நன்றாகக் கேட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. பூனை வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற பிள்ளை, நாலு சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஈரக்கையோடு ஓடி வந்து அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று நாளைக்கு அப்புறம் அவர் வாயைத் திறந்தார். "என்னடி இது?"

"தெரியலையே" என்றேன்.

"எப்ப இருந்து சுடுது?"

"இப்பத்தான்."

அந்த நேரத்திலும் பொய். என் நாக்கை என்ன சொல்வது? அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து அவளை நடுவில் அணைத்துப் பிடித்தேன். ரவுண்டானாவில் டவுன் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் நெஞ்சோடு சாய்ந்திருந்த சின்ன முதுகு படபடவென்று ஏறி இறங்கியது. சாமி, என் உயிரை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள், மூக்கிலும் வாயிலும் மூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க அவள் மூச்சை எண்ணினார்.

"போன வாரம் பார்த்த காய்ச்சல் விட்டுச்சா?"

"வெள்ளிக்கிழமையோட விட்டுருச்சு டாக்டர்" என்றேன்.

"மறுபடி எப்ப வந்துச்சு?"

வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "இன்னைக்குக் காலையில" என்றேன்.

டாக்டரம்மா எழுதக் குனிந்தார். மூடிக்கு மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மகளுக்குத் தெரியும். இத்தனை நாளும் எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டு நடந்தவளுக்கு, நான் சொன்னது தப்பு என்று தெரியும். ஆனால் அப்பாகிட்டச் சொல்லாத என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் அவள் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று கேட்பது மாதிரி பார்த்தாள். அந்த மூச்சுத்திணறலிலும் என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "இல்ல டாக்டர். நேத்துக் காலையில, பதினோரு மணிக்கு. மருந்து குடுத்துக் குடுத்து இறக்கிட்டே இருந்தேன். வலது விலாவுக்குக் கீழ வலிக்குதுன்னும் சொன்னா. சனிக்கிழமை தலைக்கு ஊத்தினேன், மழையில கூட்டிட்டுப் போனேன். அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லல." ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எக்ஸ்ரே படம் வந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு வெளிச்சத்தில் காட்டினார். நெஞ்சின் வலது பக்கம், கீழே, வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"நிமோனியா. நுரையீரல்ல அடியில இருக்கிறதால பிள்ளைக்கு வயிறு வலிக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கு. தலைக்கு ஊத்தினதுக்கும் மழைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஃப்ளூ வந்துட்டுப் போறப்ப மூச்சுக்குழாய்க்குள்ள எல்லாத்தையும் புண்ணாக்கிட்டுப் போயிரும். காய்ச்சல் விட்டுருச்சுன்னு நாம நினைப்போம். உள்ள காவல் இருக்காது. அந்த நேரம் பார்த்து வேற கிருமி வந்து உக்காந்துக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது, சில பேருக்கு ஆயிரும். அதனாலதான் மறுபடி காய்ச்சல் வந்தா உடனே வரச் சொன்னேன்."

"எங்ககிட்டச் சொன்னீங்களா?" என்றார் அவர், மெதுவாக.

"அம்மாகிட்டச் சொன்னேனே" என்றார் டாக்டரம்மா. "நேத்தே வந்திருந்தா இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. இப்பவும் பிள்ளை தேறிரும்னுதான் பாக்கிறேன். ரெண்டு நாள் போகணும்."

தண்ணீர் ஊற்றினதால் வரவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வரவில்லை. தப்பே இல்லாத ஒன்றை மறைப்பதற்காக ஒரு நாள் முழுக்கப் பிள்ளையை மூச்சுக்கு அலையவிட்டிருக்கிறேன். வரட்டு ஜம்பத்துக்குப் பிள்ளையைப் பணயம் வைத்த தாய் நான். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே பெஞ்சில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று குனிந்திருந்தேன்.

"இன்னைக்கு விடியக்காலம் வேலைக்குக் கிளம்புறப்ப பாத்தேன்" என்றார். "தூக்கத்துல மூக்கு ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு போச்சு. வயிறு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. உன்ன எழுப்பிக் கேக்கலாம்னு பக்கத்துல வந்துட்டேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நான்தான முதல்ல பேசினதா ஆகும்." துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியும், மூச்சு வாங்கினது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு ஆளுக்குப் பாதியை வைத்துப் பூட்டியிருந்தோம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் வைத்து அழுதோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தோம்.

புதன்கிழமை மோசமாகத்தான் போனது. கையில் குத்தின ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கினபாடில்லை. நர்ஸ் ஒவ்வொரு தடவை கிளிப்பைப் பார்க்கும்போதும் நான் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். ஏழெட்டுத் தடவை கேட்டதும், "அக்கா, நீங்க செத்த நேரம் வெளிய போய் உக்காருங்க, நானே கூப்பிடுறேன்" என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. அது இறங்கினாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விட்டுப்போன காய்ச்சலை ஒரு தடவை நம்பிக் கெட்டவள். அவள் நெற்றியைத் தொடுவதைவிட அவள் பேச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். "தண்ணி" என்பாள். "அம்மா, தண்ணி" என்பாள். இரண்டு சொல் வந்தது, அப்புறம் மூன்று வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

சனிக்கிழமை ஆக்சிஜனை எடுத்தார்கள். அவர் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். நாலு நாளாகக் குளிக்காமல், அதே காக்கிச் சட்டையில் நின்றார். நாங்கள் பேச ஆரம்பித்து நாலு நாளாகியிருந்தது, ஆனாலும் நாக்குக்குப் பழைய தடம்தான் தெரிகிறது. என்னை அறியாமல், மகளைப் பார்த்து, "அப்பாவ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், ஊசி குத்தின கைதான்.

"இனிமே நான் யார்கிட்டயும் எதையும் சொல்லவும் மாட்டேன் சொல்லாம இருக்கவும் மாட்டேன் நீங்களே பேசிக்கங்க."

நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ஒரே மூச்சு.

எனக்குக் கண்ணை மறைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னங்க" என்றேன். "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க."